கால் அணாவும் கடல் தொட்டியும்

மீன் சாப்பிடாத வீட்டில் மீன் வளர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி, ஜாதவ்பூரில் எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிகளுக்கும் ஒரே நாளில் பரவிவிட்டது. மீனை எதற்காக வாங்குவார்கள் என்பதில் வங்காளிகளுக்கு இரண்டு கருத்து கிடையாது. எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. உண்மையாக வெட்கப்பட வேண்டிய காரியத்தை நானே செய்வதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அம்மா தூத்துக்குடிக்காரி. அப்பாவுக்குக் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை என்பதால் கல்யாணமாகி இங்கே வந்தவள். பன்னிரண்டு வருடம் ஆகியும் அவளுடைய வங்காளம் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது. திடீரென்று ஒரு நாள், கடல் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்றாள். அப்பா காரணம் கேட்டார். "இருக்கட்டுமே" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பதில் வாங்க முடியாது.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. கரியாஹாட் கடைக்காரர் ஒருவர் தருவித்துக் கொடுத்த கடல் உப்பு பை பையாக வந்தது. அம்மா வாளியில் உப்பைக் கரைப்பாள், அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவாள், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பாள், மறுபடி ஒரு சிட்டிகை போடுவாள்.

"சாம்பாருக்கு உப்புப் போடும்போது இந்தக் கவனம் எங்க போச்சு?" என்றார் அப்பா.

தண்ணீர் ஊற்றி, மணல் பரப்பி, கல் அடுக்கி, விளக்கும் போட்டாயிற்று. மீன் எங்கே என்றால், ஒரு மாதம் பொறு என்றாள். கல்லிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து தண்ணீர் பழக வேண்டுமாம். அவசரப்பட்டு மீனை விட்டால் செத்துப்போகுமாம். வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெறும் கல்லைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். போகாமல் உட்கார்ந்தவர் கீழ்வீட்டு காக்கிமா மட்டும்தான். காக்கிமா என்றால் வங்காளத்தில் சித்தி; நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

காக்கிமா அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். மகன் பூனேயில் வேலைக்குப் போன பிறகு கணவரும் டிவியுமாக இருந்தவர். முதல் நாள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மீன் வரும்போது வரட்டும், தண்ணியே அழகாத்தானே இருக்கு" என்றார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு கோப்பை டீயோடு ஏறி வந்தார். அப்புறம் அது தினப்படி ஆகிவிட்டது. அம்மா அரைகுறை வங்காளமும் அரைகுறை இந்தியுமாகப் பேசினாள். காக்கிமா அம்மாவிடமிருந்து "சாப்டாச்சா?"வைக் கற்றுக்கொண்டு, மாடிப்படியில் ஏறும்போதே சத்தமாகக் கேட்டுக்கொண்டு வருவார். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே அந்த மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வழியாக உயிர்கள் வந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு, நத்தை ஐந்து, முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய சிவப்பு இறால் இரண்டு. இறால்தான் அம்மாவின் செல்லம். தண்ணீருக்குள் விரலை நீட்டினால் மெல்ல ஏறி நகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்.

"ஓ மா! பியூட்டி பார்லர்!" என்று காக்கிமா கூவினார். பிறகு, "தேங்காய்ப்பால்ல போட்டா எவ்வளவு ருசி தெரியுமா?" என்று அம்மாவைச் சீண்டினார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு காக்கிமா தன் வீட்டில் இறால் வாங்குவதையே நிறுத்திவிட்டார் என்று அவருடைய கணவர் அப்பாவிடம் முறையிட்டார்.

அப்படியிருக்கையில் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அம்மா ஊருக்குப் போக வேண்டி வந்தது. எனக்குப் பரீட்சை. நான் அப்பாவோடு இருந்துகொண்டேன். தொட்டியையும் என்னையும் காக்கிமாவிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா ரயிலேறினாள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள், பாஸாக மாட்டேன் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியதும் அப்பா ஒரு காசை என் கையில் கொடுப்பார். ஜன்னல் வழியாக ஆற்றில் போட்டு, வேண்டியதை வேண்டிக்கொள்ளலாம். ஆற்றுக்கே அவ்வளவு சக்தி என்றால் கடலுக்கு எவ்வளவு இருக்கும்! கடல்தான் நம் ஹாலிலேயே இருக்கிறதே! அப்பாவின் பழைய நாணய டப்பாவைத் திறந்தேன். பழையதாக இருந்தால் பலன் கூடுதல் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, தடிமனான செம்புக் கால் அணா ஒன்றை எடுத்தேன். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, கல்லுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

அம்மா திரும்பி வந்த அன்று நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்து கிடந்தன. இறால் இரண்டும் மணலில் சாய்ந்து கிடந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. அம்மா பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தோளில் பையோடு அப்படியே நின்றாள்.

காக்கிமா இரண்டு கோப்பை டீயோடு ஓடி வந்தார். அம்மா கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் கேட்ட கேள்விகளை உரக்கத் திருப்பிச் சொன்னாள். புகை போட்டீங்களா? செம்பு ஏதாவது உள்ளே விழுந்ததா? செம்பு என்றால் மீன் தாங்குமாம், இறாலும் நத்தையும் தாங்காதாம்.

நான் போட்ட கால் அணா செம்பு.

காக்கிமா தலையில் அடித்துக்கொண்டார். "தூனோ! நான்தான்! நான்தான் போட்டேன்!" தூனோ என்பது சாயங்காலம் அவர் வீட்டில் காட்டும் சாம்பிராணிப் புகை. டெங்கு பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கொசு என்னைக் கடித்துவிடக் கூடாதே என்று, அந்த நாட்களில் புகைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி எங்கள் ஹாலிலும் காட்டிவிட்டுப் போனார். எனக்காகத்தான் செய்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ ஏதும் உள்ள போட்டியா?"

"இல்லம்மா" என்றேன். அதோடு நின்றிருந்தாலும் குழந்தை, பயந்துவிட்டது என்று என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். நிற்கவில்லை. "காக்கிமா டெய்லி ரொம்பப் புகை போட்டாங்கம்மா. எனக்கே இருமல் வந்துச்சு" என்றேன். எனக்கு எந்த இருமலும் வரவில்லை. இதைத் தமிழில்தான் சொன்னேன். ஆனாலும் காக்கிமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆமாம், பாவம் குழந்தை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அம்மா, "பரவாயில்ல தீதி" என்றாள். தீதி என்றால் அக்கா. ஆனால் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். காக்கிமா கொண்டுவந்த டீயை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று நான் விளையாடப் போனேன். மறுநாள் அம்மா கடைக்குப் போனபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக் காசைத் துழாவி எடுத்தேன். பச்சை பிடித்திருந்தது. பின்பக்கக் குளத்தில் எறிந்துவிட்டேன். கணக்கில் பாஸும் ஆனேன். கடல் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு யாரும் வரவில்லை. "சாப்டாச்சா?" சத்தம் நின்றுபோனது. மாடிப்படியில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வார்கள், தண்ணீர் மோட்டார் பற்றி விசாரித்துக்கொள்வார்கள், நகர்ந்துவிடுவார்கள். சாயங்காலச் சாம்பிராணி வாசனைகூடப் படியேறி வருவதில்லை. காக்கிமா தன் வீட்டிலும் புகை போடுவதை விட்டுவிட்டார் என்று அப்பா சொன்னார். சில வாரங்களில் அம்மா மீன்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இறால் செத்த சோகம் என்று நினைத்தேன். எனக்குத் தொந்தரவு விட்டது. இரண்டு வருடம் கழித்து காக்கிமா குடும்பம் மகனோடு இருக்கப் பூனே போனபோது, டாட்டா காட்டிவிட்டு ஸ்கூல் பஸ்ஸில் ஏறினேன்.

போன மாதம் பூனேயிலிருந்து காக்கிமாவின் மகன் போன் செய்தார். காக்கிமா காலமாகிவிட்டார். போனை வைத்துவிட்டு அம்மா அப்படி அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து வருடமாக மனம்விட்டுப் பேசாத ஒருவருக்காகவா என்று தோன்றியது. அந்த அழுகையைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன். காசு, குளம், வராத இருமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட எதுக்குட்டி சொல்லுத இப்பம்?" என்றாள். "அவ்வொ போயாச்சே."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"நான் ஒரு வார்த்த திட்டலயே அவ்வொளை. பரவாயில்லன்னுட்டேன், வேத்தாள்கிட்ட சொல்லுத மாதிரி. நாலு திட்டு திட்டியிருந்தேன்னா அவ்வொளும் பதிலுக்கு நாலு சத்தம் போட்டிருப்பாவ. மறுநாளே டீயத் தூக்கிட்டு ஏறி வந்திருப்பாவ."

பத்து வயதில் எனக்கு உலகத்திலேயே பெரிய பயம் திட்டு வாங்குவதுதான். அன்றைக்கு அந்த ஹாலில் யாரும் யாரையும் திட்டவில்லை என்பதால், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.