முப்பத்தெட்டு வயதில் ஓடத் தொடங்கிய நஸீர் சேர்

குசுமா மிஸ்ஸின் அழைப்பு வந்தபோது நான் யாழ்ப்பாணத்தில், வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "மாஸ்டர், நம்ம நஸீர் சேர் போயிட்டார். நேத்து காலையில. பின்னேரமே கம்பளையில அடக்கம் செஞ்சிட்டாங்க" என்றார். குசுமா மிஸ் எங்களோடு சிங்களம் படிப்பித்தவர். அடக்கமும் முடிந்துவிட்டதால் நான் புறப்பட்டுப் போவதற்கு இனி அவசரமில்லை. வரிசையில் என் முறை வந்தது. அலுவலை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடசாலைக் கடேற் அணியின், அதாவது மாணவர் படையின், அதிகாரியாகச் சீருடையில் அவரைப் பார்த்தவர்கள் பலர். அந்தச் சீருடைக்கு முந்திய இரண்டு வருடங்களை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பல்லேகலவுக்குக் கிட்ட ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். வாடகைக்கு அறை விடும் ஒரே போடிங்கில் அடுத்தடுத்த அறைகள். எங்கள் கடேற் அணிக்குப் பொறுப்பாக இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். வேறோர் ஆசிரியர் இராணுவ முகாமில் அதிகாரிப் பயிற்சி பெற்று வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் இதைச் சொன்னபோது எல்லோரும் மேசையைப் பார்த்தோம். நஸீர் சேர் கையை உயர்த்தினார். வயது முப்பத்தெட்டு, சற்றே தொந்தி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் மனிதர்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த இராணுவச் சீருடை யாழ்ப்பாணத்தில், என் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும். அன்று பின்னேரம் நேராகவே கேட்டேன்: "ஏன் சேர் உங்களுக்கு இந்த வேலை? விட்டிட்டுப் பேசாம இருங்கோவன்."

"மாஸ்டர், ரோட்டுல சிப்பாய் சிங்களத்துல 'நில்லு'ன்னு கத்தினா நம்ம புள்ளைகள் ஓடுதுகள். விளங்காமத்தான் ஓடுதுகள். ஓடினா என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? கடேற்ல சிங்களக் கட்டளைக்கு நின்டு பழகின புள்ள நிக்கும்" என்றார்.

ஒருகாலத்தில் மைல் ஓட்டத்தில் பரிசு வாங்கியவன் என்பதால், அவரோடு ஓடும் வேலை என் தலையில் விழுந்தது.

விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் என் கதவைத் தட்டுவார். கைத்தொழிற்பேட்டைப் பக்கமாக ஓடித் திரும்புவோம். முதல் வாரம் பாதி வழியில் மதகில் குந்திவிட்டார். "கால் ஓடுது மாஸ்டர், நெஞ்சுக்குத்தான் ஏலா" என்றார். மூன்றாம் மாதம் குந்தாமல் போய்வந்தார். போடிங் முற்றத்துக் கொய்யாமரக் கிளையில் தொங்கி உடம்பைத் தூக்கப் பழகினார். கிளை முறிந்து வீட்டுக்காரரிடம் நாங்கள் இருவரும் பேச்சு வாங்கினோம்.

உடம்பை விட அவருக்குப் பயமாக இருந்தது வேறொன்று. முகாமில் தன்னிலும் இளைய சார்ஜன்ட்மார் எல்லோர் முன்னாலும் ஏசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வகுப்பில் ஒரு இருமலைக்கூடப் பொறுக்காத மனிதர் அவர். பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர் அறையில் விறைப்பாக நின்றுகொண்டு, "என்னை ஏசுங்க மாஸ்டர்" என்றார்.

"சேர், நீங்கள் செய்தது அவ்வளவு சரியில்லை" என்றேன்.

"இது ஏச்சா? என்ட உம்மா இதை விட நல்லா ஏசுவா."

குசுமா மிஸ் பயிற்சிக் கொப்பிகளை மூடிவிட்டு எழுந்து வந்தார். சிங்களத்தில் ஐந்து நிமிடம் ஏசினார். நஸீர் சேருடைய நடை, தொந்தி, கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து, எதையும் விடவில்லை. நஸீர் சேரின் காது சிவந்தது. ஆனால் ஆடவில்லை. முடிந்ததும், "நாளைக்கும் வேணும் மிஸ்" என்றார். அன்றிலிருந்து கிழமையில் இரண்டு நாள் அது நடந்தது. அவருடைய சிங்களமும் அதோடு திருந்தியது.

பயிற்சிக்கு நஸீர் சேரின் விண்ணப்பம் போய், அவருடைய நன்னடத்தை பற்றிய பொலிஸ் அறிக்கை மட்டும் பாக்கியிருந்த நேரம். நகரில் குண்டு வெடித்திருந்தது. வழமை போல ஓடிக்கொண்டிருந்த எங்களைப் புதிதாகப் போட்டிருந்த சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அவரிடம் அடையாள அட்டை இருந்தது. என்னுடையது அறையில். பிறந்த இடம் கேட்டார்கள், யாழ்ப்பாணம் என்றேன். இருவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்த அதிகாரி நஸீர் சேரை அடையாளம் கண்டுகொண்டார். "உம்முடைய அறிக்கையை எழுத வேண்டியவன் நான். நீர் இப்போதே வீட்டுக்குப் போகலாம். இந்த ஆளுக்குப் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தால் அதையும் எழுத வேண்டி வரும்" என்றார் சிங்களத்தில். பிறகு குரலை உயர்த்தினார். கத்தல் வெளியே வீதி வரை கேட்டிருக்கும். நஸீர் சேர் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். கத்தல் ஓய்ந்ததும், "எங்கே கையெழுத்து வைக்க வேண்டும், சேர்?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு வெளியே வந்தோம். காற்சட்டையும் பெனியனுமாகப் பிரதான வீதியில் நடந்தோம்.

பயிற்சிக்குத் தெரிவானவர்களின் அந்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நான் அவருடைய அறைக்குப் போனேன். "என்னாலதான் சேர். நான் ஊருக்கு மாறிப் போறன்" என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க போனா நான் யாரோட ஓடுற? காலையில எழும்புங்க. நாளையிலருந்து உங்கட அட்டையும் என்ட காற்சட்டைப் பைக்குள்ளதான் ஈக்கும்."

அணியைக் கலைக்காமல் அதிபர் ஒரு வருடத் தவணை வாங்கியிருந்தார். நாங்கள் மழையிலும் ஓடினோம். அடுத்த வருடம் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அறிக்கை நல்லபடியாக வந்தது. நஸீர் சேர் முகாமுக்குப் போனார். கறுத்து, மெலிந்து, ஒரு கால் நகத்தை இழந்து திரும்பினார். "எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். "குசுமா மிஸ் அளவுக்கு அங்க யாருக்கும் ஏசத் தெரியா" என்றார்.

யுத்தத்தைப் பற்றி நாங்கள் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. அவர் சீருடையில் வந்த முதல் நாள் நான் ஆசிரியர் அறையிலிருந்து எழுந்து போய்விட்டேன். அதை அவர் கவனித்தார். பின்னர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, தெல்தெனியவில் ஒரு மாணவனின் மரண வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அணிவகுப்பு முடிந்து நேரே வந்ததால் அவர் சீருடையில் இருந்தார். சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டும். சீருடைக்காரர்கள் இறங்குவதில்லை. பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் அவருக்குச் சல்யூட் அடித்து, "நீங்கள் இருங்கள், சேர்" என்றான்.

நான் இறங்கி வரிசையில் நின்றேன். வெயில். சற்று நேரத்தில் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நஸீர் சேர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து பிடித்தபடி எனக்குப் பின்னால் நின்றார்.

"ஏன் சேர் இறங்கினீங்கள்?"

"முன்னால பாருங்க மாஸ்டர். வரிசை நகருது" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த மத்தியான வெயிலும், முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தக் குரலும்தான்.