குணம் சொன்ன உதாரணம்

பாண்டிருப்பில் கடற்கரைக்குப் போகும் வீதியில் குணநாயகத்தின் கராஜ் இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் என்ஜின்களைத் திருத்துவது அவர் தொழில். ஊரில் எல்லாருக்கும் அவர் குணம்தான். அறுபதை நெருங்கும் வயது. நின்றுபோன என்ஜின் ஒன்று கைக்கு வந்தால், அது ஏன் நின்றது என்று தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. காரணம் பிடிபடாமல் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்ட என்ஜினை நம்பாமல் மறுபடி கழற்றிப் போடுவார். வேதாகமத்தையும் அவர் அப்படித்தான் வாசித்தார்.

பிறந்தது சைவக் குடும்பத்தில். சுனாமிக்குப் பிறகுதான் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கினார். அந்தக் காலையில் சாமான் வாங்கக் கல்முனை பஸாருக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த மனைவி ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினார். ஆறு வயது மகள் யதுசாவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. தன் என்ஜினை எடுத்துப் போகக் கராஜுக்கு வந்திருந்த கல்முனைக்குடி மீனவர் பளீல் அவளைப் பிடித்து ஒரு மேல்மாடிப் படியில் ஏற்றிவிட்டார். குணம் ஓடி வந்தபோது அவர் வீடிருந்த குறுகிய ஒழுங்கையில் வீடுகளே இல்லை. மகள் மட்டும் சேற்றோடு அந்தப் படியில் இருந்தாள்.

தன் குடும்பத்தில் மட்டும் ஏன் சாவு விழவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்கு விடை தேடித்தான் சபைக்குள் போனார். ஞானஸ்நானம் எடுத்தார், சபை மூப்பரும் ஆனார். சுனாமி நினைவு நாள் வந்தால், மகள் தப்பியதைச் சொல்லும் அவருடைய சாட்சி இல்லாமல் ஆராதனை முடியாது. சில வருடங்களுக்கு முன் மனைவி சிறுநீரக நோயில் இறந்த பிறகு, வேலை நேரத்திலும் கைபேசியில் பிரசங்கம் கேட்பது பழக்கமாகிவிட்டது. இந்தியப் போதகர் ஒருவர் முன்குறித்தலைப் பற்றித் தொடராகப் பேசிக்கொண்டிருந்தார். உலகம் உண்டாகுமுன்பே தேவன் சிலரைத் தமக்கென்று தெரிவுசெய்தார். அவர்களுக்காகவே இயேசு சிலுவையில் மரித்தார். மற்றவர்களை அவர்கள் பாவத்திலேயே விட்டுவிட்டார். குணத்துக்கு அது பூட்டுக்குச் சாவி கிடைத்தது போல இருந்தது. எல்லாப் பாகமும் ஒன்றோடொன்று பொருந்தியது.

ஒரு ஞாயிறு, சபையின் இளம் போதகர் வினோஜ், ஒருவர்கூடக் கெட்டுப்போவதைத் தேவன் விரும்பவில்லை என்று பிரசங்கித்தார். முடிந்ததும் குணம் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர், அவர் விரும்பினது நடக்காமப் போகுமா?"

"மனுசன் மறுத்தா என்ன செய்யிற, அங்கிள்? அவர் வலுக்கட்டாயமா இழுக்க மாட்டார்."

"அப்ப மனுசன்ட விருப்பம் தேவன்ட விருப்பத்தை விடப் பெரிசா?"

வினோஜ் சிரித்துச் சமாளித்தார். புதன்கிழமை பின்னேரம் வேதப்படிப்பில் எல்லாருமாக இதைக் கதைப்போம் என்றார்.

அந்தப் புதன்கிழமை வழக்கத்தை விடக் கூட்டம். சபையில் பாதிப் பேருக்குச் சைவர்களாகவே இறந்துபோன தாய் தகப்பன் இருந்தார்கள். அவர்களுக்கு இது வெறும் படிப்பில்லை. வினோஜ் சில வசனங்களைக் காட்டினார். 'எல்லாரும்' என்றால் எல்லாரும்தான் என்றார். குணம் எழுந்து வேறு வசனங்களைக் காட்டினார். அங்கே 'எல்லாரும்' என்பது எல்லா இனத்திலிருந்தும் சிலர் என்றார். அவர் பேச்சில் தடுமாற்றமே இல்லை. வினோஜ் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது.

நடுவில் சுஜித்தா கையை உயர்த்தினாள். குணத்தின் ஒழுங்கையைச் சேர்ந்தவள், நாற்பதைத் தாண்டியவள். கணவன் சசிகரன் கடலுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர். இவள் மட்டும் சபைக்கு வருவாள்.

"நான் ஒண்டு கேக்கிறன்," என்றாள். "எவ்வளவு காலம் எடுத்தாலும், கடைசில அவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிருவார் எண்டு நினைக்கிறது பிழையா?"

"அது கள்ள உபதேசம், தங்கச்சி," என்றார் குணம். "அப்பிடியெண்டா நரகம் எண்டு எழுதிக் கிடக்கிறது பொய்யா? சிலுவை என்னத்துக்கு?"

"பொய் எண்டு நான் சொல்லல்ல. அவருக்கு மனம் வராதோ எண்டு கேட்டன்."

அவள் விளங்கிக்கொள்ளவில்லை, ஒரு நல்ல உதாரணம் வேண்டும் என்று குணத்துக்குப் பட்டது. உதாரணம் வாயில் தயாராக இருந்தது.

"சுனாமியை எடுங்க. எல்லாருக்கும் ஒரே தண்ணி. அவர் எல்லாரையும் காப்பாத்த நினைச்சிருந்தா ஆரு தடுக்கிற? என்ட பிள்ளையைத் தண்ணியில இருந்து எடுத்தார். எத்தனையோ பிள்ளைகளை விட்டார். ஏன்? அது அவர்ட தெரிவு. அதைக் கேக்க நமக்கு உரிமை இல்ல. அதுக்குப் பேர்தான் கிருபை."

வினோஜ் குனிந்து வேதத்தின் பக்கங்களைப் புரட்டினார். சுஜித்தா எழுந்து, எல்லாரும் குடித்து வைத்த கோப்பைகளைத் தட்டில் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்று தேநீர் அவளுடைய முறை. அவள் கோப்பைகளைக் கழுவும் சத்தம் ஜெபம் முடியும்வரை கேட்டது.

ஒருவரும் மறுத்துப் பேசாததைக் குணம் சம்மதம் என்றே நினைத்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் நிறைந்திருந்தது. வேதப்படிப்புக்கு வந்திருந்த யதுசாவும் கூடவே நடந்தாள். அவளுக்கு இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, சுஜித்தா அக்காட மகனை மறந்திட்டீங்களா?"

குணம் அவளைப் பார்த்தார்.

"நாலு வயசு. நம்மட கராஜுக்கு முன்னுக்கு விளையாட வாறவன். அண்டைக்கும் என்னோடதான் விளையாடினவன்."

"நான் அவவைச் சொல்லல்லையே. வேதத்தில இருக்கிறதைத்தானே சொன்னன்," என்றார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"வேதத்தில என்ட பேர் இல்லையே. நீங்க என்னைக் காட்டித்தானே சொன்னீங்க. என்னை எடுத்தாராம், அவனை விட்டாராம். அவட முகத்துக்கு நேர." யதுசா அழவில்லை. "இனிமே என்னை வெச்சு ஒரு இடத்திலயும் கதைக்காதீங்க அப்பா. எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். குணம் கதிரையில் உட்கார்ந்தார். அந்தப் பையனின் பெயரை நினைத்துப் பார்த்தார், வரவில்லை. அவனைத் தெரியாதென்று சொல்ல முடியாது. எத்தனையோ தடவை ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைத் துரத்தியிருக்கிறார். அவன் உடலைத் தேடி சசிகரனோடு மூன்று நாள் அலைந்திருக்கிறார், கிடைக்கவில்லை. அத்தனையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. வருடாவருடம் சாட்சி சொல்லிச் சொல்லி, அந்த ஒழுங்கையில் தன் மகளைத் தவிர வேறு பிள்ளைகளே இல்லை என்பது போல ஆகிவிட்டிருந்தது. மகளின் அறைக் கதவருகே போய் நின்று கேட்டார்.

"நிதுசன்," என்றாள் உள்ளிருந்து.

அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை என்று தெரிந்துதான் வினோஜ் கராஜுக்கு வந்தார். கழற்றிக் கிடந்த என்ஜினுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் உங்களை அந்த இடத்திலயே நிப்பாட்டியிருக்க வேணும், அங்கிள். எனக்குப் பதில் இருக்கல்ல. அதால பேசாம இருந்திட்டன். அது என்ட பிழை."

"இப்ப பதில் இருக்கா?"

"இல்ல. அவர் எல்லாரையும் விரும்புறார் எண்டு நம்புறன். அப்ப ஏன் எல்லாரும் வரல்ல எண்டு கேட்டா எனக்குத் தெரியா."

குணத்துக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. ஆனால் வினோஜ் போன பிறகு ஒன்று உறைத்தது: சுனாமியன்று தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று தானும் அறியாதவர்தான். அந்த நேரம் குணம் பஸாரில் நின்றார். பார்த்தவர் பளீல். சாட்சியில் பளீலுக்குப் பெயர்கூட இல்லை. 'தேவன் ஒரு முஸ்லிம் சகோதரனைப் பயன்படுத்தினார்' என்ற ஒரு வரியோடு அவர் முடிந்துவிடுவார். கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குக் கேக் கொண்டுபோனால் பெரும்பாலும் அவர் வீட்டில் இருப்பதில்லை. மனைவி சபூறாதான் வாங்கி வைப்பார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து பளீல் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது குணம் அவரை வீட்டு வாசலில் பிடித்தார்.

"பளீல் காக்கா, ஒரு விசயம் கேக்க வந்தன். அண்டைக்கு என்ட மகளைப் பிடிச்சீங்களே, எப்பிடிப் பிடிச்சீங்க?"

பளீலின் முகம் சுருங்கியது. "இப்ப என்னத்துக்கு அது?"

"எனக்குத் தெரிய வேணும்."

"புள்ளைகள் நாலஞ்சு பேர் அடிபட்டு வந்திச்சி. படிக் கம்பியில ஒரு கை. மத்தக் கையை நீட்டினன். புள்ளை ஒண்டுட தலைமயிர் கையில சிக்கிச்சி, இழுத்தன். அது உங்கட மகள்."

"வேற ஆரையும்..."

"வேற ஆருக்கும் கை நீட்டல்லையா எண்டு கேக்கிறீங்களா?" பளீல் குரலை உயர்த்தவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "எல்லாத்தையும் புடிக்கத்தான் பாத்தன், தம்பி. மகளை மேல போட்டுட்டுத் திரும்பக்குள்ள ஒண்டும் இல்ல. தண்ணி மட்டும்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க கேக்கோட வாற நேரம் நான் வீட்டிலதான் இரிக்கிற. இல்ல எண்டு சொல்லச் சொல்லுவன். நீங்க நன்றி சொல்லுறதைக் கேக்க ஏலாது எனக்கு. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

குணத்தால் உள்ளே போக முடியவில்லை. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஒற்றைக் கையோடு நின்ற ஒரு மனிதன் எல்லாப் பிள்ளைகளையும் பிடிக்கப் பார்த்திருக்கிறான். அப்படி நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவராகத்தானே தேவனைச் சபையில் எழுந்து நின்று காட்டினேன் என்று எண்ணியபோது, பஸாரில் எதிரே வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவும் கூசியது.

மறுநாள் காலை சுஜித்தாவின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலிப் படலைக்குள் வரச் சொன்னாள், இருக்கச் சொல்லவில்லை.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தன்."

அவள் கையிலிருந்த சசிகரனின் ஈரச் சாரத்தை உதறிக் கொடியில் போட்டாள். "சொன்னது பிழை எண்டு வந்தீங்களா, என்ட முன்னுக்குச் சொன்னது பிழை எண்டு வந்தீங்களா, அண்ணன்?"

குணம் வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்த சொற்களில் இதற்கு ஒன்றும் இல்லை. சபையில் அவர் காட்டிய வசனங்கள் இன்னும் வேதத்தில் அதே இடத்தில்தான் இருந்தன. அவர் பொய் சொல்ல விரும்பவில்லை.

"தெரியா," என்றார்.

"அவன் இயேசுட பேரைக் கேள்விப்படவே இல்ல. நாங்க அப்ப கோயிலுக்குத்தான் போற. பிறகு நான் ஏன் சபைக்கு வந்த எண்டு தெரியுமா? பிள்ளைகளை என்னட்ட வர விடுங்க எண்டு அவர் சொன்னதா ஆரோ சொன்னாங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தன்." அவள் குரல் இறுகியது. "என்னட்ட மன்னிப்புக் கேட்டா உங்களுக்கு லேசாகும். எனக்கு ஒண்டும் லேசாகாது. சொன்ன இடத்தில போய்ச் சொல்லுங்க, தெரியா எண்டு."

அடுத்த புதன்கிழமை குணம் போனார். பாடல் முடிந்ததும் எழுந்து நின்றார். முன்னிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார். எதிரே பார்த்தபோது சுஜித்தா இல்லை. அவள் வரவில்லை.

"போன கிழமை ஒரு உதாரணம் சொன்னன்," என்றார். "இந்த ஒழுங்கையில செத்த பிள்ளைகளைத் தேவன் வேணாமெண்டு விட்டார் எண்டு விளங்கிற மாதிரிச் சொன்னன். அது எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியா. என்ட பிள்ளை உயிரோட இருக்கிற சந்தோசத்தை நான் உபதேசமாக்கிப் போட்டன். சுஜித்தா தங்கச்சிட மகன் நிதுசன். அவன்ட பேரே எனக்கு மறந்து போயிருந்திச்சி. வெக்கமா இருக்கு. மூப்பர் எண்டு இனி என்னைக் கூப்பிடாதீங்க."

அவர் உட்கார்ந்தார். பின்னாலிருந்த ஒருவர், அதற்காக உபதேசத்தை விட்டுவிட முடியுமா, தேவன் சிலரைத் தெரிவுசெய்வது வேதத்தில் இருக்கிறதுதானே என்று தொடங்கினார். இன்னொருவர் மறுத்தார். வாக்குவாதம் குணம் இல்லாமலே நடந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார், ஆகவில்லை.

குணம் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார் என்று சபையில் சிலர் கதைத்தார்கள். அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். பின் வரிசையில் இருந்தார். நினைவு நாள் ஆராதனையில் வினோஜ் கேட்டும் சாட்சி சொல்ல எழும்பவில்லை. சுஜித்தாவின் வீட்டைத் தாண்ட வேண்டி வந்தால் பிரதான வீதியால் சுற்றிப் போனார். பளீல் வீட்டுக்கு ஒரு நாள் கையில் ஒன்றும் இல்லாமல் போய், நன்றி என்ற சொல்லை எடுக்காமல், டீ குடித்துவிட்டு வந்தார்.

மாசி மாதம் சசிகரனின் என்ஜின் பழுதாகிக் கராஜுக்கு வந்தது. அதைப் பற்றிக் கேட்க வந்தவள் சுஜித்தா. மாதக் கணக்கில் அவர்கள் பேசியிருக்கவில்லை.

"எப்ப முடியும் எண்டு கேக்கச் சொன்னார்."

"நாளைக்குக் காலமை எடுக்கலாம்."

அவள் போகவில்லை. கிறீஸ் பூசிய அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஜெபம் பண்ணக்குள்ள நிதுசன்ட பேரைச் சொல்லுறீங்களாம். யதுசா சொன்னா."

குணத்தின் முகம் சிவந்தது. செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று சபையில் மற்றவர்களுக்குப் படிப்பித்தவரே அவர்தான்.

"ஓம்," என்றார். "அப்பிடிச் சொல்லலாமோ தெரியா. சொல்லுறன்."

"சொல்லுங்க," என்றாள் சுஜித்தா. வீதியில் இறங்கிப் போனாள்.

குணத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சசிகரனின் என்ஜினுக்கு முன்னால் குந்தி, கழற்றி வைத்திருந்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவத் தொடங்கினார்.