ஒன்பதாவது வரி

கிளெண்டா ஹிண்டிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணியதை மட்டும்தான் எழுதுவாள். பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். ஷிஃப்ட் முடியும்போது எத்தனை தட்டு பிஸ்கட் உடைந்தது என்று ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு என்று கிறுக்கிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவள் நின்று எண்ணுவாள். நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்றுதான். சூப்பர்வைசர் வந்து தாம்தூம் என்று குதிப்பான். "உடைஞ்சது உடைஞ்சதுதானே, உட்கார்ந்து ஒட்டவா சொல்றீங்க?" என்பாள்.

தொழிற்சாலையை மூடி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில் இப்படி மூடிய தொழிற்சாலை இல்லாத ஊர் எது? ஐம்பத்தேழு வயசில் அவளும் மற்றவர்களைப் போல வேலை அலுவலகத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்குக் கையெழுத்து. அதோடு ஒரு நோட்டு. வாரத்துக்கு ஒன்பது இடத்தில் வேலை கேட்டதாக அதில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் வாரப்பணம் வரும். வாடகைக்கு நகரசபை தரும் உதவி தனி. அது நேராக வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். அவள் கண்ணால் பார்த்ததில்லை.

வீடு என்றால் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, பின்னால் துணி காயப்போட ஒரு முற்றம். பத்தொன்பது வருஷமாக அங்கேதான். புருஷன் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். அவனுக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த நான்கு சுவர்தான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் வாசற்கதவுக்குத் தன் கையாலேயே பச்சைப் பெயிண்ட் அடிப்பாள்.

அந்த செப்டம்பரில் ஒரு வாரம் நோட்டில் எட்டு வரிதான் இருந்தது.

ஒன்பதாவதுக்கு அவள் போகாமல் இல்லை. வாழ்த்து அட்டை விற்கும் கடையில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். இறங்கித் திரும்பி நடந்து வருவதற்குள் கடைப் பெண் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஆள் கிடைத்துவிட்டதாம். கிளெண்டா வாயைத் திறந்து வேலை கேட்கவே இல்லை. கேட்காததை எப்படி எழுதுவது?

"எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பக்கத்து வீட்டு வின்னி. "எங்க வீட்டு ஃப்ராங்க் நோட்டைப் பார்த்திருக்கியா? தீப்பிடிச்சு எரிஞ்சுபோன கறிக்கடை இருக்கே, அங்க மூணு தடவ வேலை கேட்டிருக்காரு மனுஷன். எவன் போய்ப் பார்க்கிறான்?"

"நான் கேக்கலையே வின்னி."

"அடிப்போடி இவளே. நேர்மையை டோஸ்ட்ல தடவித் தின்னு."

வின்னி சொன்னபடிதான் ஆனது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நட்டாலி என்ற பெண் பேனா முனையால் வரிகளைத் தட்டித் தட்டி எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். அப்போதும் எட்டு. "என் கையில ஒண்ணும் இல்ல கிளெண்டா. மேல அனுப்பத்தான் வேணும்" என்றாள். அடுத்த வாரம் கடிதம் வந்தது. நான்கு வாரத்துக்குப் பணம் கிடையாது.

கிளெண்டா அதைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். கோபம் வந்தது, அழுகை வரவில்லை. சரி, நான்கு வாரம்தானே என்று நினைத்தாள். இதைவிட மோசமான குளிர்காலத்தையெல்லாம் பார்த்தவள் அவள்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஊரில், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஆர்டர் குறைந்துபோகும் மாதங்களில் தொழிற்சாலையில் 'இந்த வாரம் உனக்குக் கூலி இல்லை' என்று சீட்டு கொடுப்பார்கள். கூலியில்லாத வாரத்தில் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. கார்டு பஞ்ச் பண்ணக் கூடாது. மீறிப் போய் நின்றால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பான், கூட வேலை பார்க்கிற பெண்களோ அதைவிட மோசம். பிச்சைக்கு வந்து நிற்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். வீட்டில் இரு, கூப்பிடும்போது வா. இருபத்திரண்டு வருஷம் அதுதான் மரியாதை என்று பழகியவள். பணம் இல்லை என்று கடிதம் வந்ததும் அவள் செய்ததும் அதையேதான். இரண்டு வியாழக்கிழமை கையெழுத்துக்குப் போகவில்லை.

போக வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்ததாம், பொடி எழுத்தில். முன்பக்கத்தைப் படித்து வயிறு எரிந்தவள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாளா?

அந்த நான்கு வாரமும் சர்ச் மண்டபத்தில் கொடுத்த பீன்ஸ் டப்பாக்களில் ஓடியது. முன்னாலேயே காசு போட்டுவைக்கும் மீட்டர் சாவியில் மிச்சமிருந்த மின்சாரத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொண்டாள். வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு கோட்டோடு படுத்தாள். ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஒரு கோடு போட்டாள். எண்ணுவதில் அவள் என்றைக்கும் தவறியதில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை தலை வாரி, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு பத்து மணிக்கே போய்விட்டாள். நட்டாலி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க ஃபைலை மூடிட்டாங்களே கிளெண்டா. ரெண்டு தடவ வரல நீங்க."

"பணம் இல்லேன்னீங்களே."

"பணம் இல்லேன்னாலும் கையெழுத்து உண்டுல்ல?"

"எதுக்கு?"

நட்டாலி, பாவம், முதலிலிருந்து புதுசாக விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு ஃபோன் நம்பரைக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து எண்ட்விஸில் என்ற வீட்டுக்காரர் வந்து பச்சைக் கதவைத் தட்டினார். கெட்ட மனுஷன் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகினால் தானே ஸ்பானரோடு வந்து குனிபவர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நகரசபையிலருந்து ஆறு வாரமா ஒண்ணும் வரல கிளெண்டா."

"அது தனியாச்சே. வாடகைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு? நின்னுபோச்சு. எனக்கும் பேங்க்குக்காரன் இருக்கான்ல."

அவர் போன பிறகு கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள். முதல்முறையாகப் பயந்தாள். பசியை அவளுக்குத் தெரியும், குளிரைத் தெரியும். இது வேறு. கதவின் இந்தப் பக்கம் நிற்கிற உரிமையே காலடியிலிருந்து நழுவுவது போலிருந்தது.

மறுநாள் நகரசபைக்குப் போய் டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இம்ரான் என்ற இளைஞன். அவனுடைய அம்மா அதே தொழிற்சாலையில் கேக் பிரிவில் இருந்தவள். அதனாலோ என்னவோ அவசரப்படாமல் பேசினான்.

"அங்க உங்க பணத்தை நிறுத்தினதும் எங்க கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி வரும் மிஸஸ் ஹிண்டில். அதுல, தண்டனையா நிறுத்தினாங்களா, நீங்களே விட்டுட்டீங்களான்னு இருக்காது. நின்னுபோச்சுன்னு மட்டும்தான் இருக்கும். உடனே இதுவும் வாடகை உதவியை நிறுத்திடும்."

"அப்போ தண்டனைக்கும் வாடகைக்கும்..."

"சம்பந்தமே இல்ல. தண்டனைக்காக வாடகை உதவி நிக்கவே கூடாது. எனக்கு வருமானம் இல்லன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுத்திருப்பேன். இப்பவும் அந்த முதல் வாரங்களைச் சரி பண்ணிடுவேன். ஆனா நீங்க கையெழுத்துக்குப் போகாம ஃபைல் மூடின தேதியிலருந்து..." பேச்சை நிறுத்திப் பேனாவை உருட்டினான். "அதுக்கு நல்ல காரணம் காட்டணும். இதோ, இந்தக் கட்டத்துல."

ஜன்னலுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளினான். 'உரிய காலத்தில் வராததற்குக் காரணம்.' அதன் கீழே ஆறு வெற்று வரிகள்.

"உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்துச்சா?" என்று இம்ரான் மெல்லக் கேட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நிறைய பேருக்கு அந்த மாசம் நெஞ்சுல சளி. மனசு சரியில்லாமக்கூட இருந்திருக்கலாம். டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கினா..."

அவன் என்ன சொல்கிறான் என்று புரியாத அளவுக்கு அவள் ஒன்றும் மக்கு இல்லை. நல்ல பையன். எழுதிவிடலாம். சளி என்ற ஒரு வார்த்தை, பச்சைக் கதவு தன் இடத்திலேயே இருக்கும். பேனாவைத் தாளில் வைத்தாள். எழுத்து எதுவும் வரவில்லை. நாற்பத்தொன்றைப் பன்னிரண்டு என்று எழுதத் தெரியாத அந்தக் கை, அவள் கெஞ்சியும் நகரவில்லை. கடைசியில் எழுதினாள்: 'கூலி இல்லாத வாரத்தில் வேலைக்குப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வெட்கமாக இருந்தது.'

இம்ரான் படித்தான். தாளை மடித்துத் தட்டில் போட்டான்.

பதில் நவம்பர் நடுவில் வந்தது. முதல் இரண்டு வாரம் சரி செய்யப்பட்டது. மீதி வாரங்களுக்கு, காட்டிய காரணம் போதுமானதல்ல. அன்று மத்தியானமே எண்ட்விஸிலும் வந்தார். இந்த முறை அவர் கையில் ஒரு கவர்.

"பேங்க்குக்காரன் விடமாட்டேங்கிறான் கிளெண்டா. என்னைத் தப்பா நினைக்காதே."

"இல்ல" என்றாள். உண்மையிலேயே நினைக்கவில்லை. யாரைத் தப்பாக நினைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. நட்டாலி மேலே அனுப்பினாள், மேலே இருப்பவர்கள் கடிதம் அனுப்பினார்கள், கம்ப்யூட்டர் செய்தி அனுப்பியது. போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றால் ஒரு ஆள்கூட அகப்படவில்லை.

வின்னி அடுப்பில் தேநீர்த் தண்ணீரை வைத்துவிட்டு, கவருக்குள் இருந்த, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைப் படித்தாள். அன்றைக்கு அவள் எந்தக் கேலியும் செய்யவில்லை. "ஒரு வரி" என்றாள். "ஒரே ஒரு வரிடி." பிறகு அவளே அழுதாள்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை கிளெண்டா மறுபடி வேலை அலுவலகத்து நாற்காலியில் இருந்தாள். புது விண்ணப்பம், புது நோட்டு. எட்டு வரி எழுதியிருந்தாள், எட்டும் உண்மை. முறை வர இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஒன்பதாவது வரியில் மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலையின் பெயரை எழுதினாள். நேரில் போய்க் கேட்டேன். கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

நட்டாலி பேனா முனையால் தட்டித் தட்டி எண்ணினாள். ஒன்பதில் வந்து நின்றதும் முகம் மலர்ந்தாள்.

"பார்த்தீங்களா! இப்பதான் சரியா பண்றீங்க கிளெண்டா. இப்படியே பண்ணுங்க, ஒரு பிரச்சினையும் வராது." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "முகவரி அதேதானே?"

"ஜனவரி பதினாறு வரைக்கும் அதேதான்."

நட்டாலி 'மாற்றமில்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, கையெழுத்துக்காகத் தாளை அவள் பக்கம் திருப்பினாள்.