ஒடெட் திரும்பிக்கொண்ட நாள்

சைகோனில், டிஸ்ட்ரிக்ட் 1-இல் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒடெட் இருபத்தொன்பது வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தாள். அப்பா காரைக்காலிலிருந்து வந்த குமாஸ்தா. அம்மா வியட்நாமியப் பெண். அம்மாவின் நிறமும் சாடையும் அவளுக்கு வாய்த்திருந்தன. எழுபத்தைந்தில் ஆட்சி மாறியது. அந்நியத் தொடர்பு உள்ளவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. ஒடெட் அம்மாவின் குடும்பப் பெயரில் பதிந்துகொண்டாள். அதன்பின் சேர்ந்த இந்தப் பள்ளியில் அவள் பூர்வீகம் எவருக்கும் தெரியாது.

எண்பத்தொன்றில் அவள் வகுப்பில் பொலேத் சேர்ந்தாள். தமிழரான வாட்ச்மேன் இக்னாஸின் மகள், நல்ல கறுப்பு. பிள்ளைகள் அவளை "சா வா" என்றார்கள். இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். புத்தகப் பையில் மையைக் கொட்டினார்கள். ஒருநாள் ஒடெட் உள்ளே நுழையும்போது, இருவர் பொலேத்தின் கைகளைப் பிடித்திருக்க, ஒருத்தி அவள் முகத்தில் சாக்பீஸ் தூளைப் பூசிக்கொண்டிருந்தாள். அதட்டினால் தன் கதையும் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் ஒடெட்டின் வாயைக் கட்டிப்போட்டது. "எல்லோரும் உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பொலேத் வரவில்லை. பத்து நாள் பொறுத்து ஒடெட் வீடு தேடிப் போனாள்.

"புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்று அவள் தமிழில் சொன்னதும் இக்னாஸ் திகைத்துப்போனார்.

"மதாம், நீங்க நம்ம ஆளா? பாப்பா சொல்லவே இல்லையே."

"அவளுக்குத் தெரியாதுங்க. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பொலேத் தலை நிமிர்ந்தாள். "அன்னைக்கு நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேம்மா. தப்பு என்னோடதுதான்."

பொலேத் மிஷின் பக்கம் குனிந்துகொண்டாள். துணியை நகர்த்தித் தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வகுப்பில், தன் அப்பா காரைக்கால் தமிழர் என்று ஒடெட் சொன்னாள். "இனி அந்தப் பெயரைச் சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள்." சாக்பீஸ் பூசியவளின் பெற்றோரை வரவழைத்தாள். "பிள்ளைகள் விளையாட்டு" என்று தலைமையாசிரியர் தட்டிக்கழித்தார், அவள் விடவில்லை. அதன்பின் இடைவேளைகளில், சீண்டல் நடக்கும் மாடிப்படி அருகே போய் நின்றாள். தனியாகச் சாப்பிடும் பிள்ளையைக் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசாரித்தாள். சிலர் அடங்கினார்கள். சிலர் சீண்டலைப் பள்ளி வாசலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். அங்கேயும் போய் நின்றாள்.

பொலேத் மட்டும் படிக்கத் திரும்பவே இல்லை. எண்பத்து மூன்றில் அந்தக் குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. முகவரி விசாரித்து வாங்கி ஒடெட் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் எழுத அவளுக்குத் துணிவும் வரவில்லை.