இரண்டாம் வயலினின் மூச்சு

பரீனா தொலைபேசியில் சொன்னபோது வயலின் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தேன். லிங்கநகர் வீட்டில், விடியப்புறம், அன்ரன் அண்ணனின் இதயம் நின்றுவிட்டது. ஓம் என்றேன். மிச்சத்தையும் தேய்த்து முடித்தேன்.

எங்கள் நால்வர் இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். நான் முதல் வயலின், அவர் இரண்டாவது, பரீனா வியோலா, கௌசல்யா அக்கா செலோ. மெட்டு பெரும்பாலும் என்னிடம் வரும். அவர் அதன் கீழே துணையாக வாசிப்பார். பகலில் துறைமுகத்தில் வேலை. மாலையில் தேவாலய மண்டபத்தில் எங்களுடன் பயிற்சி.

முதல் நிகழ்ச்சியில் முன்வரிசையிலிருந்த ஒருவர், பாட்டு யார் பாடுவது என்று கேட்டார்.

"ஒருத்தரும் பாடமாட்டம் ஐயா. நாலு பேரும் கதைப்பம். நீங்கள் ஒட்டுக் கேளுங்கோ," என்றார் அண்ணன்.

சபை சிரித்தது. நான் அந்த முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கச் சைகையான மூச்சை முதல் வயலின்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அண்ணன் எடுத்தார். சளி பிடித்த மூக்கால், மண்டபம் முழுக்கக் கேட்க. நால்வரும் ஒன்றாகத் தொடங்கினோம்.

பிறகு அதை மாற்றவில்லை. எங்கள் வாசிப்பு அந்த மூச்சிலிருந்து வந்தது. அவசரமில்லாதது. கொஞ்சம் பிந்தியது. கொழும்புப் பத்திரிகையில் ஒருவர் அதைக் குறையென்று எழுதினார். ஒலிப்பதிவின்போது அண்ணனே அந்த மூச்சை வெட்டச் சொன்னார். "சனம் எனக்குத் தடிமன், மூக்கடைப்பு எண்டு நினைக்கும்."

அதை வெட்டினால் குழுவின் பெயரையும் போடவேண்டாம் என்றார் கௌசல்யா அக்கா. மூச்சு பதிவில் இருந்தது.

வாசிப்பின் நடுவில் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அண்ணன் நிறுத்த விடமாட்டார். "வாசியுங்கோ. அவரும் வந்திட்டார்."

அடக்கத்துக்குப் பிறகு மண்டபத்தில் கூடினோம். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து வயலின்காரர் ஒருவர் வந்து அண்ணனின் இடத்தில் வாசிக்கத் தயார். வாசிப்பதா, குழுவை அதோடு விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. கௌசல்யா அக்கா பழக்கத்தில் நான்கு கதிரைகள் போட்டிருந்தார். அண்ணனுடையதை எடுக்க ஒருவரும் எழும்பவில்லை.

வில்லுகளைத் தூக்கினோம். காத்திருந்தோம். வெளியே மீன் லொறி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது.

"எங்களுக்குத் தொடங்க ஏலாது போல," என்றாள் பரீனா.

நான் மூச்சிழுத்தேன். மூக்கால், சத்தமாக, அவர் எடுக்கும் நீளத்துக்கு. மூவரும் ஒன்றாக நுழைந்தோம். இரண்டாம் வயலின் தனியே வரும் இடம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பகுதி முடியும் நேரம்வரை இருந்துவிட்டு மேலே வாசித்தோம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூச்சு. கொழும்பிலிருந்து வருபவரும் அதில்தான் தொடங்க வேண்டும்.