அளவு ஜாடியில் ஒட்டிய சர்க்கரை

அளவு ஜாடியை மீடியா அக்காதான் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்றே கழுவிக் கவிழ்த்தது, உலர்ந்தும் விட்டது. ஆனாலும் காலையில் வந்ததும் வராததுமாக, கைப்பையைக்கூட ஆணியில் மாட்டாமல், அதை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். குலுக்கிக் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி தண்ணீர் பிடித்தாள். இனிமேல் எத்தனை கழுவினாலும் போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். கை கேட்கவில்லை.

கிருமிகளை வளர்த்து ஆராயும் கூடம் அது. பின்பக்க அறையில் கிருமிகளுக்குச் சாப்பாடு தயாரிப்பது அவள் வேலை. உப்பு, சர்க்கரை எல்லாம் அளந்து கரைத்து, ஆவியில் வேகவைத்து, பாட்டிலில் அடைத்துக் கொடுப்பாள். அந்தக் கரைசலுக்கு மீடியா என்று பெயர், அதனால் அவளும் மீடியா அக்கா. முன்பு ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தவள். "அங்க நோயாளிக்குப் பொங்கிப் போட்டேன், இங்க நோய்க்கே பொங்கிப் போடறேன்" என்பாள். கணவர் வேலை பார்த்த பட்டறை மூடிய பிறகு வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்தான். அதுவும் ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் இரண்டு பாட்டில்களின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாராம். பேராசிரியர் சத்தமே போடவில்லை. "சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றாராம், அவ்வளவுதான். அந்தச் சாவிதான் இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது.

நேற்று மத்தியானம் நெட்டை ஓடி வந்தாள். ஆராய்ச்சி செய்கிற பெண். வாசல் நிலை இடிக்குமோ என்று எப்போதும் குனிந்தே வருவாள், நேற்று குனிய மறந்து இடித்துக்கொண்டாள்.

"அக்கா, பட்டினி கிடந்து சாக வேண்டியது வளர்ந்து நிக்குது!"

"முதல்ல நெத்தியத் தேய்ச்சுக்கோ. எது வளர்ந்துச்சு?"

"கிருமிதான். அதுக்குள்ள ஒரு மரபணு இருக்கு. சக்கரை கிடைக்கிற வரைக்கும் அது தூங்கும், எழுப்பினாலும் எழுந்துக்காது. சக்கரை தீர்ந்து வெறும் வினிகர் உப்பு மட்டும் இருந்தாத்தான் முழிச்சு ஒரு நொதியைச் செய்யும். அந்த நொதி இல்லன்னா, தின்ன வினிகரெல்லாம் காத்தாப் போயிடும், உடம்புல ஒட்டாது."

"என் வீட்டுக்காரர் மாதிரி. எவ்வளவு போட்டாலும் ஒட்டாது."

நெட்டை சிரித்தாள். "அந்த மரபணுவ நான் வெட்டி எடுத்துட்டேன் அக்கா. வினிகர் உப்புல விட்டா அது செத்திருக்கணும். ஆனா நீங்க குடுத்த மீடியால வளருது! சாப்பாடே போடாத பாட்டில்ல வளரல, சரியா இருக்கு. அப்போ உள்ள நமக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கு. நாளைக்குக் காலைல சார் இதை வெளியிலேருந்து வர்றவங்ககிட்ட சொல்றாரு. அவங்களுக்குப் பிடிச்சா எனக்கு இங்க வேலை நீடிக்கும்."

"நல்லது கண்ணு" என்று சொல்லி அனுப்பினாள். ஜாடியை எடுத்து அலமாரியில் வைக்கும்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

அந்த வினிகர் உப்பு மீடியா செய்த அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. கெட்டிச் சர்க்கரைக் கரைசலை அளந்த ஜாடியை, வாளியில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீரில் ஒரு தரம் அலசிவிட்டு, அதிலேயே வினிகர் உப்பையும் அளந்திருந்தாள். சாப்பாடே போடாத பாட்டிலுக்கு எடுத்தது வேறு ஜாடி. அப்படியானால் ஜாடியில் ஒட்டிய சர்க்கரையைத் தின்றுதான் கிருமி வளர்ந்ததோ?

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் செருப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டியிருக்குன்னு நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கலைங்க."

"அப்புறம் என்ன? படிச்சவங்க, அவங்க பாத்துப்பாங்க. நீ வாயத் திறக்காத. உன்னை அனுப்பிட்டா அப்புறம் இந்தச் செருப்பைத்தான் தின்னணும்."

படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. பேராசிரியர் கோபப்படும் முகமாக இருந்தால் பரவாயில்லை, நினைவில் வந்தது அந்த அமைதியான முகம். காலையில் கிளம்பும்போது மாமியாரின் மருந்து டப்பாவிலிருந்து ஒரு பட்டையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று முக்கிப் பார்க்கும் பட்டை அது.

"என் டப்பாவுல யாரு கை வச்சது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எலி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இப்போது ஜாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். அந்த மீடியாவில் பாதி பாட்டில் அலமாரியில் மிச்சமிருந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பட்டையை முக்கி எடுத்தாள். சர்க்கரை இல்லையென்றால் நிறம் மாறாது. கடவுளே, மாறாமல் இருக்கட்டும். நெட்டை சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், நான் பைத்தியக்காரியாகவே இருக்கட்டும். மஞ்சள் கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருந்தது. அவள் மூச்சுவிட்டாள். பிறகு ஓரத்திலிருந்து மெல்லப் பச்சை ஏறியது.

பட்டையைக் குப்பைக்கூடைக்கு மேலே பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். விட்டுவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு இன்னொருவர் சுத்தமான ஜாடியில் இதையே செய்து பார்ப்பார். கிருமி சாகும். அப்போது ஊர் முன்னால் நிற்கப்போவது நிலையில் இடித்துக்கொள்ளும் அந்தப் பெண்தான்.

நெட்டை தன் மேசையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, இன்னிக்குத்தான். புது சட்டைதான் போட்டிருக்கேன்." இவளைப் பார்த்ததும், "வச்சிடறேன்மா" என்றாள். "என்னக்கா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

மீடியா அக்கா பாட்டிலை மேசையில் வைத்தாள். பக்கத்தில் பட்டையை வைத்தாள். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தாள், தண்ணீர், ஜாடி, மாமியார் எல்லாம் ஒன்றாகக் கொட்டின.

நெட்டை பட்டையை எடுத்தாள். அதையே பார்த்தாள்.

"இது அந்த பாட்டில்தானா?"

"அதேதான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுக்காரருக்கு. ஜாடி விஷயம் மட்டும்."

கூடத்துக் கடைசியில் பேராசிரியரின் சிரிப்புச் சத்தமும், நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தமும் கேட்டன. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள் போல. நெட்டை எழுந்தாள். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் பட்டை. சட்டையில் கடைக்காரன் மாட்டிய விலைச்சீட்டு இன்னும் அக்குளருகே தொங்கியது.

"கண்ணு, சார்கிட்டயா போற?"

அவள் கதவருகே போய்விட்டாள்.

"என் பேரைச் சொல்லிடுவியா?"

நெட்டை குனிந்து நிலையைத் தாண்டி, சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் போனாள்.