கொசுறும் மாத்திரையும்

தராசுத் தட்டில் கத்தரிக்காய் இறங்குவதற்குள் கறிவேப்பிலைக் கொத்து ஒன்று வாங்குபவர் கூடைக்குள் விழுந்துவிடும். "கொசுறு இல்லாம என் கடையிலேர்ந்து யாரும் போனதில்லலா" என்பாள் கண்மணி. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறிக் கடை. வயது முப்பத்தேழு, பிள்ளைகள் ஆறு. ஆள் குட்டைதான், குரல் மட்டும் பீச் ரோடு வரை போகும்.

அவளுடைய தாராளம் கறிவேப்பிலையோடு நிற்பதில்லை. ஆறாவது பிள்ளைக்குப் பிறகு கிளினிக்கில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கத் தொடங்கியவள், அந்த அட்டையை இடுப்புச் சுருக்குப்பையிலேயே வைத்திருப்பாள். வீட்டு விலக்கு கோயில் திருவிழாவில் வந்து விழுகிறதே என்று பக்கத்துக் கடைக்காரி முணுமுணுத்தால் போதும். "இந்தா, விடாம முழுங்கு. நாள் தள்ளிப் போயிரும்" என்று நாலைந்தைப் பிய்த்துக் கொடுப்பாள். இவள் மட்டும் டாக்டருக்குப் படித்திருந்தால் சிங்கப்பூரில் மற்ற டாக்டர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள்.

தன் உடம்பு விஷயத்தில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. சில மாதமாகத் தலை ஒரு பக்கமாகவே வலித்தது. கண் முன்னால் வெளிச்சம் நெளிந்தது. நெற்றி நிறையக் கோடாலித் தைலத்தைப் பூசிக்கொண்டு வியாபாரம் பார்த்தாள். கிளினிக்கில் போய்ச் சொல் என்று யாராவது சொன்னால் எகிறுவாள். "சொன்னா மாத்திரய நிறுத்திருவாங்க. ஏழாவத நீ வந்து பெத்துக் குடுப்பியா?" பேச்சு வேடிக்கையாக இருந்தாலும் பயம் நிஜம். ஆறாவது பிரசவத்தில் அவள் பிழைத்து வந்ததே பெரிய காரியம்.

அறுபத்தொன்பதாம் வருடத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விலக்கு குறுக்கே வந்துவிடக் கூடாதென்று, இடையில் நிறுத்தாமல் அட்டை மேல் அட்டையாக விழுங்கினாள். பூசத்துக்கு முந்தின வாரம், கடையில் நிற்கும்போதே வலது கை மரத்துத் தராசு நழுவியது. வாய் குழறியது. சந்தையே கூடிவிட்டது. அருள் வந்துவிட்டதென்று ஒருத்தி திருநீறு பூசினாள், ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள், இன்னொருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டே விட்டாள். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. கிடைத்த மரியாதையை விட மனமில்லாமல் கண்மணி அன்று முழுவதும் தாழ்ந்த குரலில் வெண்டைக்காய் விற்றாள்.

சாயங்காலம் கீரை வாங்க வந்த கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி ஜரீனா மட்டும் கையெடுத்துக் கும்பிடவில்லை.

"எந்தக் கைக்கா மரத்துச்சு? பேச்சும் குழறுச்சா? தலவலி எவ்வளவு நாளா?"

"முருகன் வந்தாரு மிஸ்ஸி."

"அவருதான் காப்பாத்துனாருன்னு வச்சுக்குங்க. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடச்சிருக்குக்கா. இந்த மாத்திர சில பேருக்கு ரத்தத்தக் கட்டியாக்கிரும். அடுத்த தடவ கை திரும்பாமலே போயிரும். கடைய மூடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் எகிறிக் கிடந்தது. மாத்திரையை இனித் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அப்ப ஏழாவது?" என்று கேட்டுவிட்டுக் கண்மணி அழுதாள். சந்தையில் யாரும் பார்த்திராத அழுகை அது. ஜரீனா செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். "இது ஒங்களுக்கு இல்லக்கா, அண்ணனுக்கு. ஆம்பளைங்க போடுற ரப்பர் ஒறை. அவரு போட்டுக்கிட்டா ஒங்களுக்குப் பிள்ள தங்காது."

"அவரா? காய்ச்சல் மாத்திரைக்கே ஓடி ஒளியிற மனுசன் மிஸ்ஸி!"

அந்த வருடம் பால்குடம் எடுக்கவில்லை. கடைக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாக, "நான் குடுத்த மாத்திரயத் திருப்பித் தாங்கடி, கிளினிக்ல கேக்காம எவளும் முழுங்கக் கூடாது" என்று சந்தை முழுக்க அலைந்தாள். கொடுத்த கொசுறை அவள் திருப்பிக் கேட்டது அதுவே முதல் தடவை.

அன்று சாயங்காலம் துறைமுக வேலை முடிந்து புருஷன் மருதப்பன் காய்கறிக் கூடையைத் தூக்கிப் போக வந்தான். மேலாக இருந்த செய்தித்தாள் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னா இது?"

பீச் ரோடு வரை போகும் குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. "ஒங்க பங்கு" என்றாள், தரையைப் பார்த்தபடி. பிறகு கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை எடுத்துப் பொட்டலம் தெரியாதபடி அதன்மேல் வைத்து, கூடையை அவன் கையில் மாட்டிவிட்டாள்.